மூன்று வளைவுப் பாலம்

நான் கணக்கு வாத்தியார். வரலாறு என்றால் எனக்குக் கொஞ்சம் இளக்காரம்தான், அதை ஒளிக்கவும் மாட்டேன். இரண்டும் இரண்டும் நாலு என்று கரும்பலகையில் எழுதினால், 'எங்க பெரியப்பா வேற மாதிரி சொன்னாரே சார்' என்று எவனும் எழுந்து நிற்க மாட்டான். வரலாறு டீச்சருக்கு அந்த நிம்மதி கிடையாது. தினம் யாராவது ஒருவனுடைய பெரியப்பாவோடு அவர் மல்லுக்கட்டித்தான் ஆக வேண்டும்.

டீச்சரும் நானும் ஒரே பள்ளி. அவர் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். கீழே முன்னறையில் அவருடைய அம்மா தையல் மிஷின் போட்டிருக்கிறார். எங்கள் பள்ளிச் சீருடையில் பாதி அந்த அறையில் தைத்ததுதான். வீட்டுக்குள் நுழைகிறவர்கள் வெட்டுத்துணி, நூல்கண்டு, காஜா போடக் காத்திருக்கும் சட்டைக் குவியல் எல்லாவற்றையும் தாண்டித்தான் உள்ளே போக முடியும். டீச்சரின் கணவர் கடைத்தெருவில் பேக்கரி வைத்திருக்கிறார். விடியுமுன் அடுப்புக்குப் போய், மதியம் புருவத்தில் மாவோடு திரும்புவார். விற்காத பன் எல்லாம் மாடிக்கு வரும். வாடகை கொஞ்சம் அதிகம்தான் என்றாலும் நான் வீடு மாறாததற்கு அந்தப் பன்னும் ஒரு காரணம்.

அந்த வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு புதுப் பாடம் வந்தது. 'நம் ஊரின் கதை' என்று பெயர். பாடம் வந்ததே ஒழியப் புத்தகம் வரவில்லை. ஊரிலேயே முதன்மைச் சான்றுகளைத் தேடிப் பிடித்து, அவற்றை வைத்தே பாடம் நடத்த வேண்டும், கடைசியில் அதிகாரி முன்னால் ஒரு கண்காட்சியும் வைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஹெச்.எம். அதை அப்படியே டீச்சர் தலையில் கட்டிவிட்டார்.

டீச்சருக்கு அதில் ஏக உற்சாகம். வகுப்பில் அவர் விளக்கியது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது.

"நடந்ததைப் பத்தி அப்புறமா யாரோ எழுதினா அது ரெண்டாம் தரம். நடந்தப்பவே இருந்தது எதுவோ, அதுதான் முதன்மைச் சான்று. பொருளா இருக்கலாம், படமா இருக்கலாம், கண்ணால பாத்தவங்க சொல்றதா இருக்கலாம். வீட்டுல தேடுங்க. கொண்டு வாங்க."

கொண்டுவந்தார்கள். துருப்பிடித்த பூட்டு, கைப்பிடி இல்லாத இஸ்திரிப் பெட்டி, யாரும் கேட்காத ஒரு செங்கல். ஒருவன் தன் பெரியப்பாவின் பல்செட்டையே எடுத்து வந்துவிட்டான். பாவம், அந்த மனுஷன் அன்று முழுக்க சூப்பிலேயே ஓட்டினாராம். ஆனால் பெரும்பாலோர் கொண்டுவந்தது புகைப்படம்தான். கல்யாணமான ஜோடி, கைக்குழந்தையோடு தாய், வேலை கிடைத்த மகனை நடுவில் நிறுத்திய குடும்பம் என்று எல்லாம் விறைப்பாக நிற்கும் படங்கள். எல்லாப் படத்திலும் பின்னால் அந்தப் பாலம்.

அந்தப் பாலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர் ஆற்றங்கரை ஊர். ஒரு காலத்தில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மூன்று வளைவுள்ள கல்பாலம் இருந்தது, பெருவெள்ளம் வந்து அதை அடித்துக்கொண்டு போய்விட்டது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வெள்ளத்தில் கரையோரத் தெருக்களெல்லாம் போனபின் மேட்டில் புதிதாக எழும்பியதுதான் இப்போதைய ஊர். பிறகு நூல் மில் வந்தது, மில்லுக்கு வேலை தேடி எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்தார்கள். நானே அப்படி வந்தவர்களில் ஒருவருடைய பிள்ளைதான். பாலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு, படத்தில் பார்த்தவர்கள் எல்லோரும். டீச்சர் கணவருடைய கடைக்குப் பெயரே பழைய பாலம் பேக்கரி. பன் சுற்றித் தரும் காகிதத்தில்கூட மூன்று வளைவு அச்சடித்திருக்கும்.

டீச்சருக்கு அந்தப் பாலம் இன்னும் நெருக்கம். அவருடைய அப்பா வெள்ளத்தன்று அந்தப் பாலத்தின் மேல் நடந்து போகும்போதுதான் பாலம் இடிந்தது. அப்போது டீச்சர் கைக்குழந்தை. தையல் மிஷினுக்கு மேலே சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கும். ஒல்லியான ஒரு மனிதர், பக்கத்தில் அம்மா, அம்மா மடியில் தொப்பி போட்ட குழந்தையாக டீச்சர், பின்னால் அதே பாலம். சிறுவயதில் அந்த வளைவுகளை விரலால் தொட்டுத் தொட்டுக் கண்ணாடியில் கறை படிந்துவிட்டது என்று டீச்சரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அதனால் கண்காட்சிக்குப் பாலத்தையே தலைப்பாக எடுத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. ஹெச்.எம்.முக்கும் மகிழ்ச்சி. தெர்மாகோல் வாங்கி, பையன்களை விட்டு ஆள் உயரத்துக்குப் பாலம் செய்ய ஆரம்பித்துவிட்டார்.

குட்டையைக் குழப்பியது 'வக்கீல்'. ஒன்பதாம் வகுப்பில் எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் பேசும் ஒரு பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. ஒருநாள் மதிய இடைவேளையில் டீச்சர் அறைக்கு வந்து ஒரு படத்தை நீட்டினாள். நானும் அங்கேதான் பன்னைத் தின்றுகொண்டிருந்தேன்.

"டீச்சர், இது எங்க மாமா. ஸ்கூல்ல படிச்சப்போ எடுத்தது."

"நல்லா இருக்கே. பின்னால பாலமும் தெளிவா விழுந்திருக்கு."

"அதான் டீச்சர் பிரச்சினை. மாமா போட்டிருக்கறது நம்ம ஸ்கூல் யூனிஃபார்ம்."

"அதனால என்ன?"

"நம்ம ஸ்கூலே வெள்ளத்துக்கு அப்புறம்தான் கட்டினாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? வெள்ளத்துல போன பாலம் மாமாவுக்குப் பின்னால எப்படி நிக்குது?"

டீச்சர் படத்தை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்கு வாயில் பன். கழித்தல் கணக்கு ஒரு நொடியில் போட்டுப் பார்த்தேன். பெண் சொன்னது சரி. எந்தப் பக்கமிருந்து போட்டாலும் விடை வரவில்லை.

"இன்னொண்ணு டீச்சர்," என்றாள் வக்கீல். "எல்லாப் படத்தையும் வரிசையா வச்சுப் பாத்தேன். நடு வளைவுக்கு மேல ஒரு பறவை பறக்குது பாருங்க. எல்லாப் படத்துலயும் அதே இடத்துல பறக்குது. அது நகரவே இல்ல."

அன்று மாலையிலிருந்தே டீச்சருக்கு ஒன்றும் ஓடவில்லை. ஊரில் பழைய ஆட்களைத் தேடி ஒவ்வொரு வீடாகப் போனார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். போனதற்கு நான் வீட்டிலேயே விடைத்தாள் திருத்தியிருக்கலாம். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒட்டவே இல்லை.

ஓய்வுபெற்ற தபால்காரர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். "பாலம் இல்லேன்னு எவன் சொன்னான்? நான் சைக்கிள்ல போயிருக்கேன்மா அது மேல. நடு வளைவுகிட்ட கொஞ்சம் மேடு. இறங்கித் தள்ளணும்."

முடிதிருத்துகிறவர் கத்தரியை நிறுத்தாமலே சிரித்தார். "தபால்காரர் இந்த ஊருக்கு வந்ததே வெள்ளத்துக்கு அப்புறம். எந்தப் பாலத்துல சைக்கிள் ஓட்டினாராம்? அப்ப படகுதான் டீச்சர். பாலம் கீலம் ஒண்ணும் கிடையாது."

"நிச்சயமா தெரியுமா?" என்று கேட்டார் டீச்சர்.

கத்தரி நின்றது. "நிச்சயமான்னா... எனக்கு அப்ப ஏழெட்டு வயசு. படகுல போனது ஞாபகம் இருக்கு. பாலம் இருந்தா எதுக்குப் படகு? ஆனா பாருங்க, பாலம் இடிஞ்ச சத்தம் கேட்ட மாதிரியும் ஒரு ஞாபகம் இருக்கு."

பால் விற்கும் அம்மாள் மரப்பாலம் என்றார். கொஞ்ச நேரம் யோசித்து, அது வேறு ஊரில் தன் மாமியார் வீட்டருகே இருந்த பாலம் என்றார். எனக்குத் தலை சுற்றியது. சாட்சி சொன்னவர்களெல்லாம் எங்களைவிடக் குழம்பிப்போய், நாங்கள் கிளம்பும்போது எங்களிடமே 'அப்ப இருந்துச்சா இல்லையா?' என்று கேட்டார்கள்.

கடைசியில் ஸ்டூடியோவுக்குப் போனோம். முதலிலேயே அங்கே போயிருக்க வேண்டும். ஆனால் அது இப்போது ஸ்டூடியோ மாதிரியே இல்லை. ஜெராக்ஸ் மிஷின், செல்போன் கவர், பாஸ்போர்ட் சைஸ் படம் பத்து நிமிடத்தில் என்று ஒரு பலகை. ஸ்டூடியோக்காரருக்கு வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது, மகன்தான் எல்லாம் பார்க்கிறான். வக்கீல் கொடுத்த படத்தை டீச்சர் காட்டியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம திரை! இன்னும் மேல பரண்லதான் கிடக்கு, பாக்கறீங்களா?"

மகன் ஏணி போட்டு ஏறி, சுருட்டிய பெரிய துணி ஒன்றை இறக்கினான். இரண்டு பக்கமும் நானும் அவனும் பிடித்து விரித்தோம். தூசி தும்மலாக வந்தது. ஆறு, கரையில் இரண்டு மரம், மூன்று வளைவுப் பாலம், மேலே ஒற்றைப் பறவை. சாயம் வெளுத்திருந்தாலும் அழகாகத்தான் வரைந்திருந்தான் எவனோ.

"நாடகக் கம்பெனி ஒண்ணு ஊர் ஊரா போய்க்கிட்டிருந்தது. கலைச்சுட்டுப் போகும்போது திரையெல்லாம் வித்தாங்க," என்றார் ஸ்டூடியோக்காரர். "மாளிகைத் திரை ஒண்ணு, காட்டுத் திரை ஒண்ணு, இது ஒண்ணு. ஜனங்களுக்கு இதுதான் பிடிச்சுது. அந்தக் கரையிலேர்ந்துகூடப் படகு ஏறி வருவாங்க. பாலத்துல வச்சு எடுங்கன்னுதான் கேப்பாங்க."

"அப்ப நிஜத்துல இப்படி ஒரு பாலம்..."

"இங்கயா? ஏம்மா, இங்க எந்தக் காலத்துல பாலம் இருந்துச்சு? பஸ் போற பாலம் கட்டினதே பின்னாடிதான்."

"நீங்க யார்கிட்டயும் சொல்லலியா?"

"யாரும் கேக்கலியே," என்றார் அவர், நிஜமாகவே புரியாமல். பிறகு திரையைத் தடவிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார். "இதோ பாருங்க. வெள்ளத்து மழையில கூரை ஒழுகி, மூணாவது வளைவு கிழிஞ்சு போச்சு. உங்கம்மாதான் ஒட்டுப் போட்டுத் தச்சுக் கொடுத்தாங்க. ஒட்டே தெரியாது. படத்துல ஒரு நாளும் விழுந்ததில்ல."

டீச்சர் அந்த ஒட்டின் மேல் கை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார். எனக்கு மனசு சங்கடமாகிவிட்டது. திரையின் ஒரு முனை என் கையில் இருந்ததால் நகரவும் முடியவில்லை.

வீட்டுக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. முன்னறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு அம்மா காலர் தைத்துக்கொண்டிருந்தார். பள்ளி திறந்து இரண்டு மாதமாகியும் வேலை ஓயவில்லை. சீருடை கேட்டு ஆட்கள் விரட்டிக்கொண்டிருந்த நேரம். டீச்சரின் கணவர் தரையில் உட்கார்ந்து பட்டன்களை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். மாமியாருக்கு உதவி செய்வதில் அவருக்குக் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. நான் மாடிக்கு நழுவப் பார்த்தேன்.

"சார், நீங்க இருங்க," என்றார் டீச்சர். "நான் சரியாத்தான் கேட்டேனான்னு சொல்ல ஒரு ஆள் வேணும்."

அம்மா மிதிப்பதை நிறுத்தவில்லை. "என்ன பாப்பா, மழையில நனைஞ்சுட்டு வந்து நிக்கறே? துடைச்சுக்கோ முதல்ல."

"ஸ்டூடியோவுக்குப் போயிட்டு வரோம்மா."

மிஷின் சத்தம் கொஞ்சம் தடுமாறி, மறுபடி ஓடியது.

"திரையைப் பாத்தேன். நீ போட்ட ஒட்டையும் பாத்தேன்."

"காலர் கோணலாப் போகுது. அப்புறம் பேசு."

"போகட்டும். எத்தனை காலர் நேராத் தச்சிருக்கே. ஒண்ணு கோணலாப் போகட்டும்மா."

"என்ன திரை?" என்றார் கணவர், திருதிருவென்று விழித்துக்கொண்டு.

நான்தான் சொன்னேன். பாலம் கல்லில் இல்லை, துணியில் இருந்தது என்று. அவர் கையிலிருந்த பட்டனைப் பார்த்தார். "அப்ப நம்ம கடைப் பேரு?" என்று கேட்டார். அந்த நேரத்தில் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

டீச்சர் சுவரிலிருந்த படத்தைக் காட்டினார். "இந்தப் பாலம் இடிஞ்சுதான் அப்பா போனாருன்னு சொன்னே. துணி எப்படிம்மா இடியும்? எனக்கு ஒண்ணுமே புரியல. அப்பா எப்படிப் போனார்?"

அம்மா மிதிப்பதை நிறுத்தினார். ஊசிக்குக் கீழிருந்து காலரை எடுத்து, நூலைக் கடித்து அறுத்து, மடியில் வைத்துக்கொண்டார்.

"படகுல," என்றார்.

"என்ன படகு?"

"அப்ப படகுதானே? அன்னிக்குக் காலையில சண்டை. அந்தக் கரையில சாயப்பட்டறை வச்சிருந்தாங்க. அங்க வேலை இருக்கு, மூணு பேரும் போயிடலாம்னார். நான் இந்த மிஷினை அப்பதான் வாங்கியிருந்தேன். இங்க நாலு வீடு பழக்கமாயிருந்துச்சு. வரமாட்டேன்னேன். நீ வராட்டி நான் போறேன்னு சட்டையை மாட்டிக்கிட்டு இறங்கினார். மழை அப்ப தூறல்தான். படகு ஏறினதை நானே பாத்தேன். உன்னைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் பாத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வெள்ளம். படகு கவிழ்ந்து எங்கயோ கிடந்துச்சு. படகுக்காரர் உடம்பு கிடைச்சுது. இன்னொருத்தர் யாரோ, அவர் உடம்பும் கிடைச்சுது. உங்கப்பா கிடைக்கல."

"அப்ப அவரும் வெள்ளத்துலதானே..."

"அதான் தெரியலியே!" அம்மாவின் குரல் உயர்ந்தது. நான் அந்த வீட்டில் அவர் சத்தம் போட்டு அதுவரை கேட்டதில்லை. "படகு அந்தக் கரைக்குப் போகும்போது கவிழ்ந்துச்சா, இல்ல ஆளை அங்க இறக்கிவிட்டுட்டுத் திரும்பும்போது கவிழ்ந்துச்சா? சொல்ல யார் இருக்கா? போகும்போதுன்னா செத்துட்டார். திரும்பும்போதுன்னா, அந்தக் கரையில சௌக்கியமா இறங்கி, நம்மளை வேணாம்னு விட்டுட்டார். நான் எதுன்னு நினைக்கறது? ஒரு நாளைக்கு இதுன்னு நினைப்பேன், ஒரு நாளைக்கு அதுன்னு நினைப்பேன். அழறதா திட்டறதான்னே தெரியல."

கணவர் பிரித்து வைத்த பட்டன்களையெல்லாம் தன்னையறியாமல் ஒன்றாகக் கலந்துகொண்டிருந்தார்.

"பாலம்னு எதுக்கும்மா சொன்னே?" டீச்சரின் குரல் உடைந்திருந்தது.

"நீதான் சொன்னே. நாலு வயசிருக்கும் உனக்கு. அப்பா எங்கன்னு கேட்டே. நான் வாயைத் திறக்கல. நீயே படத்தைக் காட்டி, இந்தப் பாலம் எங்கன்னு கேட்டே. வெள்ளத்துல போச்சுன்னேன், சும்மா வாய்க்கு வந்ததை. அப்பாவும் அதுலயான்னு கேட்டே. ஆமான்னேன். அதோட நீ கேக்கறதை நிறுத்திட்டே. பாலத்தோட விழுந்தவர் எந்தக் கரைக்கும் போயிருக்க முடியாது இல்ல? படகுன்னு சொல்லியிருந்தா, அந்தக் கரைக்குப் போய்ச் சேந்தாரான்னு கேட்டிருப்பே. நான் என்னன்னு சொல்வேன்?"

"நாற்பது வருஷமா? ஸ்கூல்ல பிள்ளைங்ககிட்ட, சான்று இல்லாம எதையும் நம்பாதீங்கன்னு கத்தறேன். என் வீட்டுல ஒரு துணியை நம்பி அழுதிருக்கேன். நானு!"

"துணிக்காகவா அழுதே? அப்பாவுக்காகத்தானே அழுதே?"

"இப்ப அழறதா வேணாமான்னு தெரியலியே எனக்கு!"

"அதான் சொன்னேன்," என்றார் அம்மா.

கணவர் மெதுவாக இடையில் வந்தார். "அத்தை, தப்பா நினைக்காதீங்க. அந்தக் கரை என்ன, பஸ் ஏறினா டீ ஆறுறதுக்குள்ள போயிடலாம். ஒரு தடவை போய் விசாரிச்சிருக்கலாமே?"

"போனேன் மாப்பிள்ளை."

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"பஸ் பாலம் கட்டின உடனே போனேன். அப்புறமும் அப்பப்ப போவேன். பட்டன் வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போவேனே, அதுல சிலது அங்கதான். கடைசி ஸ்டாப் வரைக்கும் போவேன். பஸ்ஸை விட்டு இறங்க மாட்டேன். அதே டிக்கெட்டுல திரும்ப விடமாட்டாங்க, மறுபடி ஒரு டிக்கெட் எடுத்து அப்படியே உக்காந்து வந்துடுவேன். ஜன்னல் வழியா பாப்பேன். அவ்வளவுதான்."

நான் மாடிக்குப் போய் விடைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு வரியைக்கூடப் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை டீச்சர் வீங்கிய கண்ணோடு பள்ளிக்கு வந்தார். திரையை ஸ்டூடியோக்காரர் மகனிடம் கேட்டு வாங்கி, ஆட்டோவில் கொண்டுவந்திருந்தார். ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகைக்கு மேல் அதைக் கட்டித் தொங்கவிட்டார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் என் வகுப்பில் ஒரு கணக்கும் நடக்கவில்லை. நானும் போய் வாசலில் நின்றேன்.

சிலர் திரை முன்னால் போய் விறைப்பாக நின்று பார்த்தார்கள். சிலருக்குக் கோபம். பல்செட் கொண்டுவந்தவன் அழுதேவிட்டான். அவன் வீட்டில் அந்தப் பாலத்தைக் கட்டியதே தன் கொள்ளுத்தாத்தாதான் என்று சொல்லியிருந்தார்களாம்.

"அப்ப நாங்க கொண்டுவந்த படமெல்லாம் சான்று இல்லையா டீச்சர்?" என்றான் ஒருவன்.

டீச்சர் திரையைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. நேற்றுவரை என்றால் அந்தக் கேள்விக்குப் பதிலை நுனிநாக்கில் வைத்திருப்பார்.

வக்கீல்தான் எழுந்தாள். "சான்றுதான். ஆனா பாலத்துக்கு இல்ல, ஸ்டூடியோவுக்கு. அப்புறம் முன்னால நிக்கறவங்களுக்கு. அவங்க நிஜமாவே நின்னாங்க இல்ல?"

அதற்குள் ஹெச்.எம். வந்துவிட்டார். திரையைப் பார்த்தார், சேதி கேட்டார், டீச்சரை வெளியே கூப்பிட்டுக்கொண்டு போனார்.

"அதிகாரி வர்ற நேரத்துல என்ன டீச்சர் இது? தெர்மாகோல் பாலம் முடிஞ்சு பெயின்ட் அடிச்சாச்சு. ஊர்ல எல்லாரும் இருந்துச்சுன்னு சொல்றாங்க. உங்களுக்கு மட்டும் என்ன?"

"எல்லாரும் சொல்றாங்க சார். ஆனா இல்லையே."

"இல்லேன்னு கண்காட்சி வைக்க முடியுமா? இல்லாததை எப்படிக் காட்டுவீங்க?"

"அதான் எனக்கும் தெரியல சார்," என்றார் டீச்சர். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் சொன்னார். ஹெச்.எம்.முக்கு அதற்குமேல் திட்ட வரவில்லை. கண்காட்சியில் தெர்மாகோல் பாலம் வைக்கப்பட்டது. பக்கத்திலேயே திரையும் தொங்கியது. வந்த அதிகாரி திரை முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, மிகவும் திருப்தியாகப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, அம்மா இஸ்திரி போட்ட சேலையோடு கீழே நின்றார். டீச்சர் சுவரிலிருந்த படத்தைச் சட்டத்தோடு கழற்றி ஒரு துணிப்பையில் வைத்திருந்தார்.

"சார் சும்மாத்தானே இருக்கீங்க, வாங்க," என்றார் அம்மா. "இவ ஒருத்தியை மட்டும் வச்சுக்கிட்டு எனக்கு இறங்க வராது."

சும்மா இல்லை, முடி வெட்டப் போகலாம் என்று இருந்தேன். சொல்லவில்லை. போனேன்.

மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. பஸ் பாலத்தில் ஏறியதும் அம்மா வழக்கம்போல் ஜன்னலோரம் பார்த்துக்கொண்டு வந்தார். கீழே ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. டீச்சர் பையை மடியில் கெட்டியாகப் பிடித்திருந்தார். கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நாங்களும் எழுந்தோம். அம்மா எழவில்லை.

"அம்மா," என்றார் டீச்சர்.

"இரு பாப்பா."

கண்டக்டர் பையைக் குலுக்கிக்கொண்டு வந்தார். "கடைசி ஸ்டாப்மா. இறங்கறீங்களா, இல்ல வழக்கம்போலத் திரும்ப டிக்கெட் கிழிக்கட்டுமா?"

அவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை. அம்மா கம்பியைப் பிடித்து எழுந்தார். படியில் ஒரு கால் வைத்து நின்றார். டீச்சர் கீழே இறங்கிக் கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடிக்காமல், கம்பியையே பிடித்துக்கொண்டு, அம்மா தானாகத் தரையில் இறங்கினார். இறங்கியதும் ஊரை ஒரு சுற்றுப் பார்த்தார். எங்கள் ஊர் மாதிரியேதான் இருந்தது. டீக்கடை, சைக்கிள் ரிப்பேர்க் கடை, மருந்துக் கடை. சாயப்பட்டறை இருந்த சுவடே இல்லை.

சைக்கிள் கடைக்காரருக்கு நல்ல வயது. பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவரா என்று நான் கேட்டேன். ஆமாம் என்றார். டீச்சர் பையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினார்.

"ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்க. உங்களுக்குத் தெரியுதா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, படத்தை வாங்கி, வெயில் படாமல் சாய்த்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முகத்தில் ஏதோ மெல்ல விரிந்தது. டீச்சர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், வலிக்கிற அளவுக்கு.

"தெரியாம என்ன!" என்றார் அவர். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "நம்ம பழைய பாலம்! அடேயப்பா, எத்தனை வருஷமாச்சு இதைப் பாத்து. சின்னப் பிள்ளையில இது மேலேர்ந்துதான் நாங்க ஆத்துல குதிப்போம். வெள்ளத்துல போச்சு. உங்ககிட்ட படம் இருக்கா!"

டீச்சரின் பிடி என் முழங்கையிலிருந்து நழுவியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கடைக்காரரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலவும் இருந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அம்மா முன்னால் வந்தார். கடைக்காரர் கையிலிருந்த படத்தைத் தானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். இன்னொரு உள்ளங்கையை விரித்துக் கண்ணாடி மேல் வைத்து, மூன்று வளைவையும் மூடினார். தன் முகமும் குழந்தை முகமும்கூட அதில் மறைந்தன. அந்த ஒல்லியான மனிதர் மட்டும் வெளியே நின்றார்.

"பாலத்தை விடுங்கண்ணே," என்றார். "ஆளைப் பாருங்க."